தென்னை நிற்கட்டும், பேட்டரியில் ஏசியை மறந்துவிடுங்கள்

கேள்வி: ஐயா, எங்களுடையது பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். நான் பள்ளி ஆசிரியை. வீட்டில் கணவர், கல்லூரிக்குப் போகும் மகள், படுத்த படுக்கையாக இருக்கும் மாமியார். அவருக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை போட்டிருக்கிறோம். அதன் மோட்டார் நிற்கவே கூடாது. கஜா புயலின்போது பதினெட்டு நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இரண்டு மாதக் கணக்கில் கோடையில் 980 யூனிட்டும் மற்றக் காலத்தில் 700 யூனிட்டும் வருகிறது. சோலார் போடுவதற்காகச் சென்ற மே மாதம் ஒருவரை அழைத்துக் காட்டினோம். 5 கிலோவாட் பேனல், 5 கே.வி.ஏ. ஆஃப் கிரிட் இன்வெர்ட்டர், 150 ஏ.எச். ட்யூபுலர் பேட்டரி நான்கு, மொத்தம் 3,90,000 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார். 78,000 ரூபாய் மானியம் வந்துவிடும், இரவு முழுக்க ஏசி உட்பட வீடே ஓடும் என்கிறார். தெற்கே கஜாவில் தப்பித்த தென்னை இரண்டு நிற்கின்றன, மாமனார் வைத்தவை. உச்சிவேளையில் மாடியேறிப் பார்த்துவிட்டு, நிழல் விழவில்லை, பேனலைத் தெற்கு ஓரத்திலேயே வைத்துவிடலாம் என்றார். மின் இணைப்பு இன்னும் காலமான மாமனார் பெயரில்தான் இருக்கிறது. முன்பணம் கட்டலாமா? மாடியின் அளவுகளைப் படமாக வரைந்து அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கட்ட வேண்டாம், சகோதரி. அந்த விலைப்பட்டியல் தன்னையே மறுக்கிறது. ‘ஆஃப் கிரிட்’ என்றால் மின்வாரியக் கம்பியோடு பேச்சுவார்த்தை இல்லாத அமைப்பு என்று பொருள். மத்திய அரசின் ‘பி.எம். சூர்ய கர்’ என்னும் சூரிய வீடு திட்டத்தில் 2024 முதல் தரும் மானியமோ, கம்பியோடு சேர்ந்து இயங்கும் கூரை அமைப்புக்கு மட்டும்தான். ஒரே தாளில் ஆஃப் கிரிட்டும் 78,000 ரூபாயும் சேர்ந்து உட்கார முடியாது. எழுதியவருக்கு இது தெரியாமல் இருந்தாலும் தவறு, தெரிந்து எழுதியிருந்தால் அதைவிடத் தவறு.

மானியக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதோடு முடிந்தது. மூன்று கிலோவாட் போட்டாலும் 78,000, ஐந்து போட்டாலும் அதே 78,000. பேட்டரிக்குத் தனியாக எதுவும் கிடையாது. பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். பணம் பிறகு உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் மின் இணைப்பில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் கோப்பு நகராது. ஆகவே பேனல் கடைக்குப் போகும் முன் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய்ப் பெயர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டு வரி ரசீது எல்லாம் தேடி எடுப்பதற்குள் உங்களுக்குப் பேனலைப் பற்றி யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

இனி உங்கள் கேள்விக்குள் இருக்கும் சிக்கலுக்கு வருகிறேன். நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருப்பதாக நினைக்கிறீர்கள், இரண்டு கேட்டிருக்கிறீர்கள். ஒன்று, பில்லைக் குறைப்பது. மற்றொன்று, கரண்ட் போனால் மாமியாரின் மெத்தை நிற்காமல் இருப்பது. முதலாவது பேனலின் வேலை, இரண்டாவது பேட்டரியின் வேலை. விற்பவர்கள் இரண்டையும் ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டையின் எடைக்கு விலை போடுவார்கள். பிரித்துப் பார்த்தால் இரண்டுமே சிறியவையாகிவிடும்.

பில்லை முதலில் பார்ப்போம். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் நாளுக்குப் பன்னிரண்டு, இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். நெட் மீட்டர் வைத்தால், பகலில் வீடு செலவழித்தது போக மிஞ்சியது கம்பிக்குள் போய் உங்கள் கணக்கில் ஏறும். இரவில் எடுப்பது அதில் கழியும். கோடையில் 980இல் ஏறக்குறைய 260 மட்டும் பில்லில் மிஞ்சும். மற்றக் காலங்களில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. தமிழ்நாட்டில் 500 யூனிட்டைத் தாண்டியதும் கட்டணம் படிக்கட்டாக ஏறுவதை உங்கள் பில்லிலேயே பார்த்திருப்பீர்கள். அந்த மேல் படிகள் முழுவதும் உதிர்ந்துவிடும்.

அப்படியானால் ஐந்து கிலோவாட் போட்டால் இன்னும் நல்லதுதானே? இல்லை. ஐந்து கிலோவாட் 1,200 யூனிட் தரும். உங்கள் கோடைச் செலவே 980தான். முதல் 100 யூனிட்டுக்கு நீங்கள் எப்படியும் பணம் கட்டுவதில்லை. ஓசியாகக் கிடைப்பதை உற்பத்தி செய்ய யாராவது பேனல் வாங்குவார்களா? கூடுதல் இரண்டு கிலோவாட்டுக்கு மானியமும் இல்லை. நாளை மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் அப்போது இரண்டு பேனலைச் சேர்த்துக்கொள்ளலாம். பேனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டர் அதற்கு இடம் கொடுக்கும் அளவில் இருந்தால் போதும்.

இரவு ஏசி? தாராளமாக ஓட்டுங்கள், மின்வாரியக் கரண்டில். பகலில் நீங்கள் கொடுத்து வைத்தது கணக்கில் கழியும். நெட் மீட்டர் இருக்கும்வரை மின்வாரியக் கம்பிதான் உங்கள் மிகப் பெரிய பேட்டரி. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டாம். பில்லைக் குறைப்பதற்காகப் பேட்டரி வாங்குபவர், வீட்டுக் கிணறு நிரம்பி இருக்கும்போது கேன் தண்ணீர் வாங்குபவர்.

கம்பியில் கரண்ட் இல்லாதபோது என்ன ஆகும் என்பதுதான் மற்றக் கேள்வி. பலருக்கும் இது அதிர்ச்சியாக இருக்கும். கம்பியோடு சேர்ந்து ஓடும் சாதாரண ‘ஆன் கிரிட்’ இன்வெர்ட்டர், மின்வாரியக் கரண்ட் போன நொடியில் தானும் நின்றுவிடும். அது பழுதல்ல, சட்டம். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பியைத் தொடுகிறார். உங்கள் மாடியிலிருந்து கரண்ட் அந்தக் கம்பிக்குள் போனால் என்ன ஆகும்? அதனால்தான் அது தன்னை நிறுத்திக்கொள்கிறது. 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த அடுத்த வாரம் திருவாரூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். மாடியில் பன்னிரண்டு பேனல், ஒன்றுகூட உடையவில்லை, நல்ல வெயில். கீழே மெழுகுவர்த்தி. அந்த வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. அமைப்பை வைத்தது நானில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் சோலார்காரன் என்று ஒருவன் கையில் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

அவர் வீட்டில் தனியாக ஒரு சாதாரண ஹோம் யு.பி.எஸ்.ஸும் இருந்தது. முதல் இரவே அது காலி. பேனலுக்கும் அதற்கும் தொடர்பே இல்லாததால், வெயில் அடித்தும் அது நிரம்பவில்லை. உங்களுக்குத் தேவை ஹைப்ரிட் இன்வெர்ட்டர். கரண்ட் இருக்கும்போது கம்பியோடு சேர்ந்து ஓடி நெட் மீட்டர் கணக்கை நடத்தும். கரண்ட் போனால் கம்பியிலிருந்து தன்னைத் துண்டித்துக்கொண்டு, பேனலிலிருந்தும் பேட்டரியிலிருந்தும் வீட்டின் ஒரு பகுதியை மட்டும் நடத்தும். மறுநாள் காலை வெயில் வந்தால் கம்பி செத்துக் கிடந்தாலும் பேட்டரியை நிரப்பும். பதினெட்டு நாளைக் கடப்பதற்கு இந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். வாங்கும்போது விற்பவரை இதை எழுதித் தரச் சொல்லுங்கள்.

இப்போது பேட்டரி எவ்வளவு? விலைப்பட்டியலின் நான்கு ட்யூபுலரை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர் மணி), நான்கு. பெருக்கினால் 7,200 வாட் மணி, அதாவது 7.2 யூனிட். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ட்யூபுலர் என்பது ஈய அமில பேட்டரி; அதைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் சரசரவென்று குறையும். ஆகவே 3.6. இன்வெர்ட்டர் அதில் தன் பங்கை எடுத்துக்கொண்டது போக 3.2 யூனிட் வீட்டுக்கு வரும். கோடை இரவில் ஒன்றரை டன் ஏசி ஒன்றே எட்டு மணி நேரத்துக்கு ஐந்தாறு யூனிட் கேட்கும். நள்ளிரவு தாண்டியதும் ஏசியோடு சேர்ந்து மெத்தையும் நிற்கும். ‘வீடே ஓடும்’ என்ற வாக்கின் மதிப்பு இவ்வளவுதான். 5 கே.வி.ஏ. என்றால் 5 கிலோவாட் என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். பல இன்வெர்ட்டர்களில் அது நான்கு கிலோவாட்தான்.

சரியான வழி, இரவில் எது ஓடியே ஆக வேண்டும் என்று எழுதுவது. உங்கள் கடிதத்தையும் படத்தையும் வைத்து நானே எழுதிப் பார்த்தேன். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை. மெத்தை மோட்டார் 10 வாட், பன்னிரண்டு மணி நேரம், 120. நெபுலைசர் வைத்திருந்தால் அவ்வப்போது கால் மணி நேரம், ஒரு 40. விளக்கு ஆறு, ஒன்பது வாட் எல்.இ.டி., நாலு மணி நேரம், 216. ஃபிரிட்ஜ் இரவுப் பாதிக்கு 600. இணையப் பெட்டி 120. தொலைக்காட்சி மூன்று மணி நேரம் 180. இதுவரை 1,276 வாட் மணி. மிச்சம் மின்விசிறி. பழைய விசிறி மூன்று, தலா 75 வாட், எட்டு மணி நேரம் என்றால் 1,800. வீட்டில் உள்ள மற்ற எல்லாம் சேர்ந்ததைவிட மூன்று விசிறி அதிகம் தின்கிறது! அதே மூன்றையும் ‘பி.எல்.டி.சி.’ என்று விற்கும், கரண்டை மிச்சப்படுத்தும் 30 வாட் விசிறியாக மாற்றினால் 720தான்.

ஆகவே முதல் செலவு விசிறிக்குத்தான். ஒரு யூனிட்டுக்கு மேல் பேட்டரியில் சேமிப்பதற்கு ஆகும் பணத்தில் சிறு பகுதிதான் மூன்று விசிறியின் விலை. இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிப்பதில்லை. சோலார் ஆலோசனைக்கு வந்தால் விசிறிக் கடைக்கு அனுப்புகிறான் என்பார்கள். நான் அனுப்பத்தான் செய்வேன். இன்னொன்றும் கவனித்தீர்களா? எது நிற்கவே கூடாது என்று எழுதினீர்களோ, அந்த மெத்தை மோட்டார்தான் பட்டியலில் ஆகக் குறைவாகத் தின்னும் பொருள்களில் ஒன்று.

விசிறி மாற்றிய பிறகு இரவுக்கு ஏறக்குறைய 2 யூனிட். இன்வெர்ட்டரில் மாற்றும்போது பத்தில் ஒரு பங்கு போகும் என்பதால் 2.2. இங்கே பெரும்பாலோர் மறப்பது ஒன்று: இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே சுமார் 50 வாட் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 600. காவல்காரனுக்கும் சோறு போட வேண்டும் அல்லவா? ஆக 2.8. லித்தியம் பேட்டரியில் எண்பது சதவீதம் பயன்படுத்துவதாக வைத்தால் 3.5 யூனிட் கொள்ளளவு தேவை. கடையில் கிடைக்கும் அளவு 51.2 வோல்ட், 100 ஏ.எச்., அதாவது 5.12 யூனிட். அதில் ஒன்று போதும். மீதி ஒன்றரை யூனிட் பேட்டரிக்கு வயதாவதற்கும் மகளின் மடிக்கணினிக்கும் இருக்கட்டும்.

ட்யூபுலர் மேல் எனக்குப் பகை இல்லை. ஒரு விசிறி, இரண்டு விளக்கு வைத்த வீட்டில் அது இருபது வருடமாக நன்றாக உழைத்திருக்கிறது. ஆனால் உங்கள் தேவை வேறு. ஈய அமில பேட்டரி மெதுவாகத்தான் குடிக்கும். முழுதும் நிரம்ப எட்டு, பத்து மணி நேரம் ஆகும். ஐப்பசி கார்த்திகையில் டெல்டா வானம் உங்களுக்குத் தெரியும். மேகம் விலகி இரண்டு மணி நேரம் வெயில் எட்டிப்பார்த்தால் அதற்குள் மடமடவென்று குடித்துவிடும் பேட்டரிதான் வேண்டும். லித்தியம் அதைச் செய்யும். லித்தியத்திலும் ‘லித்தியம் அயர்ன் பாஸ்பேட்’ என்று கேட்டு வாங்குங்கள். ‘அயர்ன்’ என்பது இரும்பு. கைப்பேசியில் இருப்பது ‘லித்தியம் அயான்’ வகையில் வேறு கலவை. காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பதால் கடைக்காரரே சில சமயம் குழம்புவார். இரும்பு பாஸ்பேட் வகை எளிதில் தீப்பிடிக்காது, சில ஆயிரம் முறை ஏற்றி இறக்கலாம்.

அதை மாடிப்படிக்குக் கீழே காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மாடியில் தகரக் கொட்டகைக்குள்ளும் வைக்காதீர்கள்; சித்திரை வெயிலில் அங்கே பேட்டரி வெந்துவிடும். தரைத்தளத்தில் வடக்குச் சுவரை ஒட்டி, வெள்ளம் வந்தாலும் நனையாத உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். இன்வெர்ட்டர் அமைப்பில் ‘பேட்டரி, கரண்ட் போனால் மட்டும்’ என்று வைக்கச் சொல்லுங்கள். தினமும் இரவில் பேட்டரியை இறக்கிக் காலையில் ஏற்றும்படி விட்டால், கம்பி ஓசியில் செய்யும் வேலைக்குப் பேட்டரியைத் தேய்க்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்து தென்னை. விலைப்பட்டியல் எழுதியவர் மே மாதம் உச்சிவேளையில் வந்து பார்த்தார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கேதான் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பட்டுக்கோட்டை ஏறக்குறைய பத்தரை பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை தொடக்கத்தில் சூரியன் உங்கள் தலைக்கு நேர் மேலே வந்து, பிறகு வடக்கே போய்விடுகிறது. மே மாத உச்சிவேளையில் உங்கள் ஊரில் நிழல் தெற்கே விழும்! தெற்கே நிற்கும் தென்னையின் நிழல் மாடியை விட்டு விலகி வயலில் கிடக்கும். மாடி பளிச்சென்றுதான் இருக்கும். அதே மரத்தை மார்கழியில் பாருங்கள். சூரியன் தெற்கே சாய்ந்து, உச்சிவேளையிலேயே வானத்தில் 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். பொருளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீளத்துக்கு வடக்கே நிழல் நீளும்.

உங்கள் படத்தின்படி மரம் நாற்பத்தைந்து அடி, மாடி பன்னிரண்டு அடி. மாடிக்கு மேல் முப்பத்து மூன்று அடி நிற்கிறது. நிழல் இருபத்திரண்டு அடி. மரம் சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளி இருப்பதால் மாடியின் தெற்கு ஓரத்தில் பத்தடி வரை உச்சிவேளையிலேயே நிழலுக்குள் போகும். காலையிலும் மாலையிலும் நிழல் இன்னும் நீண்டு பக்கவாட்டில் துடைத்துக்கொண்டு போகும். அதுவும் எப்போது? வெயில் பஞ்சமாக இருக்கும், புயல் வரும், உங்களுக்கு ஒவ்வொரு யூனிட்டும் தேவைப்படும் அதே மாதங்களில். அவர் பேனலை வைக்கச் சொன்ன இடமோ சரியாக அந்தத் தெற்கு ஓரம்.

மரத்தை வெட்டவே வேண்டாம். உங்கள் மாடி தெற்கு வடக்காக நாற்பது அடி இருக்கிறது. 540 வாட் பேனல் ஆறு போதும், 3.24 கிலோவாட். ஒரு பேனல் ஏழரை அடி நீளம், மூன்றே முக்கால் அடி அகலம். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வரிசையாக வைத்தால் இருபத்திரண்டரை அடி. முப்பது அடி அகல மாடியில் வடக்கு ஓரமாகத் தெற்கு பார்த்து வையுங்கள். தென்னை நிழல் அங்கே மார்கழியில்கூட காலை மாலையில் சிறிது தொட்டுப்போகலாம். நடுப்பகல் முழுவதும் வெளிச்சம்தான். தேங்காயும் மட்டையும் விழுந்தால் எட்டாத தூரம். உங்கள் தண்ணீர்த் தொட்டி வாஸ்துப்படி கன்னி மூலையில் இருக்கிறது. சோலார்காரர்களுக்கு வாஸ்து செய்த பெரிய துரோகம் இது, மாலை வெயில் வரும் பக்கத்தில் தொட்டியை ஏற்றி வைத்தது. ஆனால் நீங்கள் பேனலை வடக்கே தள்ளிவிட்டதால் அந்தத் தொல்லையும் தீர்ந்தது.

கீழே பந்தல்போல் நிழல் கிடைக்கும், துணி காயப்போடலாம் என்று பத்தடி உயரத்தில் இரும்புக்கால் நட்டு மேலே பேனல் வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. சேலத்திலோ திருச்சியிலோ செய்யலாம். புயல் வரும் உங்கள் ஊரில் அது காற்றைப் பிடிக்கும் கப்பல் பாய். தாழ்வாக, பத்து பாகைச் சாய்வில், சூடு தணியக் கீழே ஓரடி இடைவெளி விட்டு வைத்தால் போதும். சாய்வு பத்துக்குக் குறையவும் வேண்டாம்; தட்டையாக வைத்தால் மழை தூசியைக் கழுவாமல் சேறாக்கிவிட்டுப் போகும். கால்கள் தளத்தோடு பிணைத்த கான்கிரீட் பீடத்தில் நிற்க வேண்டும், தட்டோட்டின் மேல் சும்மா வைத்த கல்லில் அல்ல. தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்தால் அடுத்த மழையில் வீடு ஒழுகும். கடற்காற்று வரும் ஊர் என்பதால் இரும்பு முழுவதும் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். பெயிண்ட் அடித்த இரும்பு மூன்று வருடத்தில் செதில் செதிலாக வரும்.

ஆறு பேனலைத் தொடராகக் கோத்தால் ஏறக்குறைய 300 வோல்ட் நேர்மின்சாரம் (டி.சி.) வரும். மேகமூட்டத்திலும் வரும். இதை உங்கள் கணவரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டில் வரும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால் அதன் தீப்பொறி தானே அறுந்துபோகும். நேர்மின்சாரப் பொறி அறாது, இழுத்துக்கொண்டே எரியும். ஆகவே பேனல் பக்கத்துப் பெட்டியில் நேர்மின்சாரத்துக்கென்றே செய்த சுவிட்சும் ஃபியூஸும் வேண்டும். வீட்டுக்குள் மாட்டும் சாதாரண எம்.சி.பி. சுவிட்சையே அங்கும் மாட்டிக் கருகிப்போன பெட்டிகளை நான் கழற்றியிருக்கிறேன். இடிதாங்கிக்கும், பேனல் சட்டத்துக்கும், இன்வெர்ட்டருக்கும் தனித்தனி எர்த் குழி. இந்த மூன்றில் ஒன்றைக் குறைத்து விலையைக் குறைக்கிறேன் என்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

வீட்டு வயரிங்கில் ஒரு வேலை இருக்கிறது. பேனல் வாங்கும் உற்சாகத்தில் எல்லாரும் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள், பிறகு எனக்குக் கடிதம் எழுதுவார்கள். கரண்ட் போனாலும் ஓட வேண்டியவற்றை மட்டும் தனிப் பெட்டிக்குப் பிரிக்க வேண்டும்: மாமியார் அறை, கூடம், சமையலறை விளக்கு, ஃபிரிட்ஜ், இணையம். ஏசி, கெய்சர், இஸ்திரிப்பெட்டி, கிணற்று மோட்டார், மின் அடுப்பு பழைய பெட்டியிலேயே இருக்கட்டும். கரண்ட் வரும் ஃபேஸ் கம்பியைப் பிரித்துவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை அப்படியே விட்டுவிடுவதுதான் நம் எலக்ட்ரீஷியன்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. பழைய வீடுகளில் எல்லா அறைக்கும் நியூட்ரல் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டிருக்கும். இன்வெர்ட்டர் பக்கத்து நியூட்ரலும் மின்வாரியப் பக்கத்து நியூட்ரலும் எங்காவது ஒரு சுவிட்ச் பெட்டிக்குள் சந்தித்துவிட்டால், இன்வெர்ட்டர் காரணமில்லாமல் அணையும், கசிவுச் சுவிட்ச் அடிக்கடி விழும், கடைசியில் போர்டு எரியும். உற்பத்தியாளர் ‘வயரிங் பிழை’ என்று உத்தரவாதத்தை மறுப்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். பிரித்து முடித்த பிறகு பழைய பெட்டியின் மெயினை அணைத்து, புதிய பெட்டியை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு அறையாக நடந்து பாருங்கள். எரியக் கூடாத விளக்கு எரிந்தாலோ, எரிய வேண்டியது எரியாவிட்டாலோ, வேலை முடியவில்லை.

கிணற்று மோட்டாரை ஏன் சேர்க்கவில்லை என்று கணவர் கேட்பார். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது ஒரு கிலோவாட்தான் எடுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல் நான்கைந்து மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவது, கல்யாணத்துக்கு வரும் கூட்டத்தைக் கணக்கிட்டு வீடு கட்டுவதுபோல. கரண்ட் இருக்கும் பகலில் மேல்தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் குடம், அண்டா எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது உங்கள் ஊரில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மீண்டும் ஒரு கஜா வந்தால் இந்த அமைப்பு தாங்குமா? மேகமூட்டத்தில் 3.24 கிலோவாட் பேனல் மூன்றில் ஒரு பங்கு தந்தாலும் நாளுக்கு நான்கு யூனிட். இரவுச் செலவுக்கு மூன்று போக, பகலில் மெத்தைக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஒரு யூனிட். இழுத்துப்பிடித்து ஓடும். மிக்சி ஐந்து நிமிடம் ஓட்டலாம். இருண்டு கொட்டும் நாளில் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு விசிறியையும் மெத்தையையும் மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டாவது இரவையும் தாண்டலாம். பதினெட்டு நாளும் அப்படி இருட்டாகவே இருக்காது. கஜா போன மூன்றாம் நாள் வெயில் காய்ந்தது உங்களுக்கும் நினைவிருக்கும்.

ஆகவே விலைப்பட்டியலைப் புதிதாகக் கேளுங்கள், இரண்டு மூன்று பேரிடம். 540 வாட் இந்தியச் செல் பேனல் ஆறு. நெட் மீட்டருக்கு அனுமதி உள்ள ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேனல் இரண்டு கூட்டினாலும் தாங்குவதாக. 5.12 யூனிட் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, அந்த இன்வெர்ட்டரோடு பேசும் தகவல் கம்பி உள்ளதாக. தனிப் பெட்டி வயரிங், மூன்று எர்த். திட்டத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனமா என்று பாருங்கள். விண்ணப்பம் முதலில், மாட்டுவது பிறகு. மாட்டிவிட்டு மானியத்துக்குப் பிறகு எழுதிப்போடலாம் என்பவரை நம்ப வேண்டாம். பேட்டரிக்கு இப்போது பணம் இடிக்கிறதென்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரையும் பேனலையும் முதலில் போட்டுவிட்டு, பேட்டரியை ஆறு மாதம் கழித்துச் சேர்க்கலாம். ஐப்பசிக்கு முன் சேர்த்துவிடுங்கள்.

பேனல் துடைப்பதற்குப் போர்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். மழைநீரோ குடிநீரோ வைத்து, வெயில் ஏறும் முன் மெல்லிய துணியால்.

உங்கள் வீட்டில் பழைய ஹோம் யு.பி.எஸ். ஒன்று இருப்பதைப் படத்தின் ஓரத்தில் குறித்திருந்தீர்கள். அதை விற்றுவிட வேண்டாம். புதியது வந்த பிறகும் மெத்தை மோட்டாருக்கு மட்டும் இரண்டாவது துணையாக அது இருக்கட்டும். பத்து வாட்டுக்கு மட்டும் என்றால் அந்த ஒரு பேட்டரி நெடுநேரம் தாங்கும். பெயர் மாற்றம் முடிந்து, அனுமதி வந்து, மீட்டர் மாறுவதற்குள் எப்படியும் சில மாதம் ஆகும், அதுவரையிலும் அதுதான் காவல். அதன் பேட்டரியில் தண்ணீர் மட்டம் எங்கே இருக்கிறது என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மிதவை கீழே இறங்கியிருந்தால் பேட்டரிக் கடையில் வடிநீர் (டிஸ்டில்டு வாட்டர்) வாங்கி, குறி வரை ஊற்றுங்கள். இன்றைக்கே.